டிக்கைக் குறைப்பதா, வேகத்தைக் குறைப்பதா? இறால் குட்டைக்கு ஒரு முடிவு, நாதஸ்வரத்துக்கு வேறு முடிவு

போன சித்திரையில் ஒரே மாதிரியான இரண்டு பழைய லேப்டாப்கள் கடலூரில் என் மேஜைக்கு வந்தன. இரண்டிலும் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் யூ வகை. 2 கோர், 4 த்ரெட்; அதாவது கணக்கிடும் மையம் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையை ஓட்டும். ஒன்று கிள்ளை பக்கம் இறால் குட்டை வைத்திருக்கும் மச்சானுக்கு. இன்னொன்று புதுச்சேரி முத்தியால்பேட்டையில், மாடியறை ஒன்றில் நாதஸ்வரமும் தவிலும் பதிவு செய்யும் தம்பிக்கு. இரண்டிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாரத்துக்குள் இரண்டு பேரிடமிருந்தும் போன். மச்சான் கேட்டது: "கரண்ட் போனா விடியற வரைக்கும் தாங்குமா மாப்ள?" தம்பி கேட்டது: "அண்ணே, ரெக்கார்டிங்ல நடுநடுவுல சட்டுனு ஒரு சொடக்கு விழுது. பெர்ஃபார்மன்ஸ்ல போட்டா சரியாயிடுமா?"

இந்தக் கேள்விகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதிலில் இரண்டு விஷயம் வரும்: சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர், லினக்ஸின் மையமான கர்னல் நொடிக்கு இத்தனை முறை என்று சிப்பைத் தட்டும் டிக். பேட்டரி நீடிக்க வேண்டுமா, பவர்சேவ் கவர்னர் வை, கர்னல் டிக்கை 100 ஆக்கு. ஒலிப்பதிவா, பெர்ஃபார்மன்ஸ் வை, டிக்கை 1000 ஆக்கு. நானும் பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒரே சிப், ஒரே கர்னல், இரண்டு நேரெதிர் வேலைகள் என்பதால் ஒப்பிட வசதியாக இருந்தது. சிப்பின் வேகத்தையும் டிக் எண்ணிக்கையையும் விட முக்கியமான ஒன்று இரண்டு இடத்திலும் நடுவில் நின்றது. சிப் எத்தனை முறை எழுப்பப்படுகிறது, எழுந்து வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் அது.

டிக் எண்ணிக்கை: 100, 250, 1000

கர்னல் ஒரு சீரான இடைவெளியில் சிப்பைத் தட்டும். இந்தத் தட்டுதான் டிக். ஓடுகிற புரோகிராமின் நேரம் முடிந்ததா, காத்திருக்கும் டைமர் எதற்காவது வேளை வந்துவிட்டதா என்று ஒவ்வொரு தட்டிலும் பார்க்கும். லினக்ஸ் பிசிக்களில் முதலில் இது நொடிக்கு 100. கர்னல் 2.6 வந்தபோது 1000 ஆக்கினார்கள். மின்சாரம் வீணாகிறது, வேலையும் தடைபடுகிறது என்று பேச்சு எழுந்து, 2005-இல் 2.6.13-இல் நம் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, இயல்பாக 250 என்று வைத்தார்கள். 300 என்ற தேர்வு பிறகு சேர்ந்தது. வீடியோவின் 25, 30 பிரேம் இரண்டுக்கும் மீதியில்லாமல் வகுபடும் என்பதால் அந்த எண். டெபியன் 12-இல் இருப்பது 250, அதாவது 4 மில்லி செகண்டுக்கு ஒரு தட்டு.

நான்கு த்ரெட்டிலும் நொடிக்கு 250 என்றால் ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் தட்டு. இந்தக் கணக்கைக் கேட்டால் யாருக்கும் 100-க்கு மாற்றத் தோன்றும். நானும் கர்னலை மறுபடி கம்பைல் செய்ய ஒரு சாயங்காலத்தை ஒதுக்கினேன். தேவையே இருக்கவில்லை.

காரணம் 2007-இல் 2.6.21-இல் வந்த டிக் நிறுத்தம். வேலை இல்லாமல் சும்மா இருக்கும் கோருக்குக் கர்னல் டிக்கையே அனுப்பாது. அடுத்த டைமர் எப்போது என்று பார்த்து அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்கவிடும். இன்றைய விநியோகக் கர்னல்கள் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான் வருகின்றன. அதனால் சும்மா இருக்கும் லேப்டாப்பில் 100-க்கும் 1000-க்கும் மின்சாரக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. டிக் எண்ணிக்கை வித்தியாசம் காட்டுவது வேலை நடந்துகொண்டிருக்கும் கோரில் மட்டும்.

இந்த டிக் நிறுத்தம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரே அட்டவணை போதும். சும்மா இருக்கும் சிப்புக்குப் பல ஆழத்தில் தூக்கம் உண்டு. ஆழம் கூடக் கூட மின்சாரம் குறையும், எழுந்து வரும் நேரம் கூடும். இந்தத் தலைமுறைச் சிப்புக்குக் கர்னலின் உள்ளேயே எழுதி வைத்திருக்கும் எண்கள் இவை. மிக லேசான தூக்கமான சி1-இலிருந்து எழ 2 மைக்ரோ செகண்ட். சி3-க்கு 33. சி6-க்கு 133. சி8-க்கு 300, சி9-க்கு 600. மிக ஆழமான சி10-க்கு 2,600. எழும் நேரத்தோடு இன்னொரு எண்ணும் இருக்கிறது: அந்த ஆழத்துக்குப் போனது லாபமாக வேண்டுமானால் குறைந்தது எவ்வளவு நேரம் அங்கே கிடக்க வேண்டும் என்பது. சி9-க்கு 1,800 மைக்ரோ செகண்ட், சி10-க்கு 7,700.

இப்போது 250 டிக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிக் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தால் 4,000 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை எழுப்பல். சி10-க்கு 7,700 வேண்டும். ஆகவே அந்த ஆழத்துக்குச் சிப் ஒருபோதும் லாபமாகப் போக முடியாது. 1000 டிக் என்றால் சி9 கூடக் கைக்கு எட்டாது. டிக் நின்றுவிட்டால், எண் எதுவாக இருந்தாலும் இந்தத் தடை இல்லை. நான் கம்பைல் செய்யும் யோசனையை அங்கேயே விட்டேன்.

முழு டிக் நிறுத்தம் என்று மூன்றாவது ஒன்று 2013-இல் 3.10-இல் வந்தது. வேலை செய்துகொண்டிருக்கும் கோரிலும், அதில் ஒரே ஒரு புரோகிராம் மட்டும் இருந்தால் டிக்கை நிறுத்தும். பூட் வரியில், அதாவது கர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் குறிப்பில், எந்தக் கோர் என்று சொன்னால்தான் நடக்கும், குறைந்தது ஒரு கோராவது டிக்கோடு இருந்தே ஆக வேண்டும், கர்னலுக்குள் போய்வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் செலவு. பெரிய கணக்கீட்டு எந்திரங்களுக்கு உரியது. நம் இரண்டு வேலைக்கும் வேண்டாம்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே போக்கிவிடலாம். "டிக் 250 என்றால் 4 மில்லி செகண்டை விட நுணுக்கமாக எதையும் நேரம் பார்த்துச் செய்ய முடியாதா?" முடியும். அதே 2007-இல் 2.6.21-இலேயே ஹைரெஸ் (நுணுக்கமான) டைமர்களும் வந்துவிட்டன. 1 மில்லி செகண்ட் தூங்கு என்று ஒரு புரோகிராம் கேட்டால் டிக்குக்காகக் காத்திருக்காது, வன்பொருள் டைமரையே நேராக வைக்கும். சாதாரணப் புரோகிராமுக்கு இயல்பாக 50 மைக்ரோ செகண்ட் சலுகை எடுத்துக்கொள்ளும், பக்கத்து டைமர்களோடு சேர்த்து ஒரே எழுப்பலில் முடிப்பதற்காக. அவ்வளவுதான்.

சிப்பின் வேகம்: எந்தக் கவர்னர்

வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் ஏன் மிச்சம் என்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. சிப் சுவிட்ச் ஆகும்போது குடிக்கும் மின்சாரம் அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். வேகம் பாதியாகி, மின்னழுத்தம் முக்கால் பங்காக இறங்கினால் 0.75 × 0.75 × 0.5, அதாவது 0.28. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அதே வேலை முடிய இரண்டு மடங்கு நேரமாகும். அந்த வேலையின் மொத்தச் செலவு 0.56-க்குத் திரும்பிவிடும். அந்த நீண்ட நேரம் முழுக்க மெமரி, போர்டு, யூஎஸ்பி எல்லாம் விழித்துக்கொண்டு காவல் இருக்க வேண்டும். சீக்கிரம் முடித்துவிட்டு ஆழமாகத் தூங்குவது மேல் என்று ஒரு கட்சி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கவர்னர்களில் பெர்ஃபார்மன்ஸ் உச்ச வேகத்தில் நிற்கும். பவர்சேவ் அடிவேகத்தில் நிற்கும், என் சிப்பில் 800 மெகாஹெர்ட்ஸ். 2004-இல் வந்த ஆன்டிமாண்ட் குறிப்பிட்ட இடைவெளியில் எவ்வளவு வேலை இருந்தது என்று எட்டிப் பார்த்து வேகத்தை மாற்றும். 2016-இல் 4.7-இல் வந்த ஷெட்யூட்டில் எட்டிப் பார்ப்பதில்லை, வேலையைப் பங்கிடும் ஷெட்யூலரிடமே கணக்கு வாங்கிக்கொள்ளும். வேலை அளவை 1.25-ஆல் பெருக்கி அதற்கேற்ற வேகம் கேட்கும், கொஞ்சம் கைவசம் இருக்கட்டும் என்று. இரண்டு லேப்டாப்பிலும் போட்டவுடன் ஷெட்யூட்டில்தான் இருந்தது.

இங்கே ஒரு பெயர்க்குழப்பம் பலரைத் தடுமாற வைக்கிறது. இன்டெல்லின் பி-ஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் முறையில் ஓடும்போது பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்று இரண்டு பெயர்கள்தான் காட்டும். அந்தப் பவர்சேவ், அடிவேகத்தில் கட்டிப்போடும் பழைய பவர்சேவ் அல்ல. வேலைக்கேற்ப ஏறி இறங்கும். புதிய லேப்டாப்பில் பவர்சேவ் என்று பார்த்துப் பதறி மாற்ற வேண்டியதில்லை. பழைய பொதுவான டிரைவரில் அதே பெயரைப் பார்த்தால்தான் 800 மெகாஹெர்ட்ஸில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

கிள்ளை: குட்டையோரம்

குட்டைத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்னால்தான் மிகக் குறைவாக இருக்கும். வெயில் போனதும் பாசி ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிடும், பாசி உட்பட எல்லா உயிரும் இரவு முழுக்க மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகத் தொடங்கினால் மச்சான் ஏரேட்டரை ஓடவிட வேண்டும். கரண்ட் போய் ஏரேட்டர் நின்றுவிட்டால் ஜெனரேட்டரைக் கிளப்ப ஆளை எழுப்ப வேண்டும். ஆக, கரண்ட் இல்லாத நேரத்தில்தான் இந்த லேப்டாப் கட்டாயம் விழித்திருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்த பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று தெரிந்தவர்களுக்கு, மச்சானின் கேள்வி வெறும் பேட்டரிக் கேள்வி இல்லை.

வேலை என்ன என்று பாருங்கள். நிமிஷத்துக்கு ஒருமுறை நான்கு சென்சார்களிடம் எண் கேட்க வேண்டும், ஒரு வரி எழுத வேண்டும், எல்லை தாண்டினால் அலாரம். ஒரு சுற்றுக்கு 30 மில்லி செகண்ட் சிப் வேலை என்று தாராளமாக வைத்தாலும், 2,000-இல் ஒரு பங்கு நேரம்தான் சிப் உழைக்கிறது. அந்த ஒரு பங்கை 800 மெகாஹெர்ட்ஸில் செய்தால் என்ன, உச்சத்தில் செய்தால் என்ன? மீதி 1,999 பங்கு எப்படித் தூங்குகிறது என்பதில்தான் பேட்டரி இருக்கிறது. அதனால் பவர்சேவ் கவர்னர் இங்கே பேட்டரிக்கு எதையும் சேர்த்துக் கொடுக்காது. போட்டுப் பார்த்தேன், பேட்டரி வடியும் வேகத்தைக் காட்டும் டிஸ்சார்ஜ் எண்ணில் வித்தியாசம் தெரியவில்லை.

பவர்டாப் ஓட்டிப் பார்த்ததும்தான் உண்மையான திருடன் அகப்பட்டான். 2007-இல் இன்டெல் வெளியிட்ட சின்னக் கருவி அது. எந்தப் புரோகிராம் நொடிக்கு எத்தனை முறை சிப்பை எழுப்புகிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும். முதல் வரியிலேயே நின்றது சென்சாரோடு வந்த மாதிரிப் புரோகிராம். சீரியல் போர்ட்டில் பைட் வந்துவிட்டதா என்று 2 மில்லி செகண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது, நொடிக்கு 500 முறை, நிமிஷத்தில் ஒரு நொடி கூட வேலை இல்லாதபோதும். சி10-க்கு 7,700 மைக்ரோ செகண்ட் வேண்டும் என்ற எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு புரோகிராம் இருக்கும் வரை சிப்பின் கண் சரியாக மூடவே மூடாது, டிக்கை எவ்வளவு குறைத்தாலும். நான் செய்தது இவ்வளவுதான்: எட்டிப் பார்க்கும் வளையத்தை எடுத்துவிட்டு, பைட் வரும்வரை கர்னலிடமே காத்திருக்கும் ரீட் அழைப்பை வைத்தேன். ஐந்து வரி மாற்றம். அடுத்த தடவை பவர்டாப்பில் அந்தப் பெயர் அடியில் எங்கேயோ இருந்தது, சி10 நேரம் மேலே ஏறியிருந்தது. டிஸ்சார்ஜ் எண் அன்றுதான் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிய இறங்கியது.

மாதிரிப் புரோகிராமை எழுதியவர் ஏன் அப்படி எட்டிப் பார்த்தார் என்றும் புரிந்தது. சென்சார்கள் பேசுவது மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில். இரண்டு செய்திகளுக்கு நடுவே மூன்றரை எழுத்து நேரம் அமைதி வேண்டும் என்பது அதன் விதி. 9,600 பாடில், அதாவது நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், எழுத்துக்கு 11 பிட் வீதம், அது சுமார் 4 மில்லி செகண்ட். 250 டிக்கின் இடைவெளியும் 4 மில்லி செகண்ட் என்பதால் டிக்தான் பிரச்சினை என்று அவர் நினைத்திருக்கலாம். உண்மையான தாமதம் வேறிடத்தில். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் வைத்த யூஎஸ்பி சீரியல் கேபிளுக்குள்ளேயே ஒரு டைமர் இருக்கிறது. கொஞ்சம் பைட்கள் மட்டும் வந்தால் 16 மில்லி செகண்ட் வைத்திருந்துதான் அனுப்பும். டிரைவரின் லேட்டன்சி டைமர் அமைப்பில் 16-ஐ 1 ஆக்கலாம். எனக்கு நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்பதால் 16-இலேயே விட்டுவிட்டேன், புரோகிராமின் காத்திருக்கும் அளவை மட்டும் கூட்டினேன். கர்னல் டிக்கை 1000 ஆக்கியிருந்தால் அந்த 16 அசைந்திருக்காது.

இன்னொரு வழியையும் எடை போட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே லேப்டாப்பையே சஸ்பெண்ட் செய்து, ஆர்டிசி அலாரம் (போர்டில் தனியாக ஓடும் கடிகாரத்தின் அலாரம்) வைத்து எழுப்புவது. மின்சார மிச்சத்தில் இதை எதுவும் நெருங்க முடியாது. ஆனால் தூங்கும்போது கரண்ட் போனது லேப்டாப்புக்குத் தெரியாது. எழுந்ததும் யூஎஸ்பி மறுபடி ஒட்ட வேண்டும், சென்சார் நிலைக்கு வர நேரம் பிடிக்கும். இதில் நேரக்கணக்கிலும் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழி. லினக்ஸில் மோனோடானிக் கடிகாரம் சஸ்பெண்ட் நேரத்தை எண்ணாது. 2011-இல் வந்த பூட்டைம் கடிகாரம்தான் எண்ணும். முதல் வாரத்தில் யாரோ மூடியை மூடிவிட, லேப்டாப் சஸ்பெண்ட் ஆகி, காலையில் திறந்தபோது என் புரோகிராம் எதுவுமே நடக்காததுபோல மீதியிருந்த 40 நொடியைக் காத்திருந்து அடுத்த எண்ணை எழுதியது. பதிவில் ராத்திரி 3 மணிக்கும் காலை 6 மணிக்கும் நடுவில் ஒரு வரி கூட இல்லை. இறாலுக்கு மிக ஆபத்தான மூன்று மணி நேரம். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஆறவில்லை. மூடி மூடினாலும் தூங்காதபடி உடனே மாற்றினேன், நேரம் பார்ப்பதைப் பூட்டைம் கடிகாரத்துக்கு மாற்றினேன். சஸ்பெண்ட் வழியை, பேட்டரி கால்வாசிக்குக் கீழே போனால் மட்டும், 10 நிமிஷத்துக்கு ஒருமுறை எழும்படி கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கிறேன்.

இந்த மாதிரி வேலையை, லினக்ஸிலேயே நேரம் குறித்து வேலை ஓட்டும் சிஸ்டம்டி டைமர் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சொல்: அதன் இயல்பான துல்லியம் 1 நிமிஷம். பல வேலைகளைச் சேர்த்து ஒரே எழுப்பலில் முடிக்க வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நிமிஷத்துக்கு ஒருமுறை வேலை என்றால் அந்த அளவை 1 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். 10 நிமிஷத்துக்கு ஒருமுறை என்றால் அப்படியே விடலாம்.

அப்படியானால் குட்டையில் வேகக் கட்டுப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, வெப்பத்துக்காக. லேப்டாப் இருப்பது தகரக் கொட்டகையில், பிளைவுட் தட்டில். அக்கினி நட்சத்திர மதியத்தில் அந்தத் தட்டைத் தொட முடியாது. மாதாந்திரக் கணக்கு போடும்போதோ அப்டேட் இறங்கும்போதோ டர்போ, அதாவது வழக்கமான வேகத்துக்கும் மேலே பாயும் வசதி, உச்சத்துக்குப் போனால் விசிறி அலறும், உப்புக்காற்றை உள்ளே இழுக்கும். அதனால் ஷெட்யூட்டிலை மாற்றாமல் டர்போவை மட்டும் அணைத்தேன், உச்ச வேகத்துக்கு ஒரு கூரை வைத்தேன். அடிவேகத்தில் கட்டிப்போடுவதை விட இது நல்லது. வேலை வந்தால் ஓரளவு ஓடும், கொதிக்காது.

முத்தியால்பேட்டை: மாடியறை

இங்கே கணக்கு தலைகீழ். கரண்ட் செருகியே இருக்கிறது, பேட்டரி பற்றிக் கவலை இல்லை. நேரம்தான் காசு. நொடிக்கு 48,000 சாம்பிள் வீதம், பஃபர் (ஒருமுறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டு) 128 சாம்பிள் என்றால் 2.67 மில்லி செகண்ட். அந்த நேரத்துக்குள் ஒரு துண்டு ஒலியை வாங்கி, எஃபெக்ட் போட்டு, ஹெட்போனுக்குத் திருப்பித் தர வேண்டும். ஒருமுறை தவறினாலும் ஒரு சொடக்கு.

பஃபரைப் பெரிதாக்கினால் சொடக்கு போய்விடுமே என்று கேட்கலாம். போகும், ஆனால் தவில்காரர் ஏற்க மாட்டார். 1 மில்லி செகண்டில் ஒலி சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஹெட்போனில் தன் அடி 10 மில்லி செகண்ட் பின்னால் கேட்டால், மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வேறு யாரோ அடிப்பது போலிருக்கும். அன்று வந்திருந்த பெரியவர் வலது கை விரல்கூடுகளைத் தொப்பி கழற்றுவது போல ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "கை ஒரு இடத்துல, சத்தம் ஒரு இடத்துல இருக்கு தம்பி" என்றார். பஃபர் 128-க்கு மேல் போகக் கூடாது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

டிக்கை 1000 ஆக்கினால்? ஒலித்துண்டுக்குச் சிப்பை எழுப்புவது ஒலி அட்டை அனுப்பும் இன்டரப்ட் என்ற அவசர அழைப்பு, டிக் அல்ல. ஒலி த்ரெட் ரியல்டைம் முன்னுரிமையில் இருப்பதால் எழுந்த உடனே மற்றவற்றைத் தள்ளிவிட்டு ஓடும், அடுத்த டிக் வரும்வரை காத்திருக்காது. 1000 டிக் சாதாரண புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதைச் சற்றுச் சுறுசுறுப்பாக்கும். உபுண்டு 24.10 முதல் 1000-க்குப் போனது அந்த நோக்கில்தான். பதிவுக்கு அதை விடப் பலன் தந்தது பூட் வரியில் இரண்டு சொற்கள்: கர்னலின் உள்வேலையையும் நடுவில் நிறுத்த அனுமதிக்கும் முழு பிரீம்ப்ட், இன்டரப்ட்களைத் தனித் த்ரெட்டாக்குவது. கம்பைல் தேவையில்லை. இதற்கும் மேலே போக வேண்டுமானால் ஆர்டி (ரியல்டைம்) கர்னல் டெபியனில் தனிப் பொதியாகவே கிடைக்கிறது. அதன் அடிப்படையான பிரீம்ப்ட் ஆர்டி 2024-இல் 6.12-இல் மூலக் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது.

பெர்ஃபார்மன்ஸ் கவர்னர் போட்டதும் சொடக்குகள் குறைந்தன, நிற்கவில்லை. தம்பிக்கு ஏமாற்றம். எனக்கு அந்த அட்டவணை நினைவுக்கு வந்தது. சி9-இல் 1,800 மைக்ரோ செகண்ட் கிடந்தாலே லாபம் என்று கர்னல் நினைக்கிறது. இரண்டு ஒலித்துண்டுகளுக்கு நடுவே வேலை குறைவாக இருக்கும்போது 1,800-க்கு மேல் சும்மா கிடக்க இடம் இருக்கிறது. ஆகவே கர்னல் விதிப்படியே, தவறில்லாமல், சிப்பைச் சி9-க்கு அனுப்பலாம். எழ 600 மைக்ரோ செகண்ட். மொத்தம் இருப்பதே 2,667. கிட்டத்தட்ட கால்வாசி, கண் திறப்பதிலேயே போய்விடுகிறது. அடுத்த டைமர் எப்போது என்று கர்னலுக்குத் துல்லியமாகத் தெரியும். அடுத்த ஒலி இன்டரப்ட் எப்போது என்று தெரியாது, பழைய இடைவெளிகளைப் பார்த்து ஊகிக்கத்தான் செய்யும். ஊகம் தவறி சி10-க்குப் போய்விட்டால் 2,600 மைக்ரோ செகண்ட். அந்தத் துண்டு போனது போனதுதான். பெர்ஃபார்மன்ஸ் கவர்னர் ஓடும் வேகத்தைத்தான் பார்த்துக்கொள்ளும், தூக்கத்தின் ஆழத்தில் கை வைக்காது.

அதற்கென்று கர்னலில் தனிக் கதவு இருக்கிறது. டெவ் அடைவில் இருக்கும் சிபியு டிஎம்ஏ லேட்டன்சி என்ற கோப்பைத் திறந்து, அதிகபட்சம் எத்தனை மைக்ரோ செகண்டில் எழ வேண்டும் என்று எழுதி, மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். பிடி விட்டதும் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும். நான் 50 என்று எழுதினேன். 33-இல் எழும் சி3 வரை போகலாம், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். பலரும் 0 எழுதச் சொல்வார்கள். அப்போது சிப் தூங்கவே தூங்காமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும், சூடாகும், விசிறி எழும். பதிவு நேரத்தில் ஏசியை அணைத்துவிட்டு உட்காரும் அறை அது. நாதஸ்வரம் நின்று சுருதிப்பெட்டி மட்டும் ஒலிக்கும் இடத்தில் லேப்டாப் விசிறி மைக்கில் தெளிவாகக் கேட்டது. 50-இல் விசிறி அமைதியாகவே இருந்தது, சொடக்கும் நின்றது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்த ஒரே அமைப்பு இதுதான்.

அதன் பிறகு கவர்னரை மறுபடி ஷெட்யூட்டிலுக்கு மாற்றிப் பார்த்தேன். ரியல்டைம் த்ரெட் ஓட வந்தாலே உச்ச வேகம் கேட்பது ஷெட்யூட்டிலின் வழக்கம், ஆகவே அது நன்றாகவே சமாளித்தது. ஆனால் ஒலி மென்பொருளின் சில எஃபெக்ட் த்ரெட்கள் சாதாரண முன்னுரிமையில் ஓடுகின்றன. அவற்றின் வேலைக்கணக்கைக் கர்னல் 32 மில்லி செகண்டுக்குப் பாதி மறக்கும் சராசரியாக வைத்திருக்கிறது. திடீரென ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) இரண்டைச் சேர்த்தால் அந்தக் கணக்கு மேலேறி, வேகம் கூடுவதற்குள் பத்துப் பன்னிரண்டு ஒலித்துண்டுகள் கடந்துவிடும். அதனால் பதிவு ஓடும்போது மட்டும் பெர்ஃபார்மன்ஸ் என்று வைத்தேன். ஆன்டிமாண்டை இந்த வேலைக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ரியல்டைம் த்ரெட் என்ற வேறுபாடே அதற்குத் தெரியாது.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு பரிசோதனை

சிப்பின் வேகம் மாறும்போது கடிகாரமும் தடுமாறிய காலம் ஒன்று இருந்தது. சிப்புக்குள் இருக்கும் டிஎஸ்சி என்ற எண்ணி பழைய சிப்களில் வேகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும், ஆழ்தூக்கத்தில் நின்றும் போகும். கர்னல் அதை நம்பாமல் போர்டில் இருக்கும் ஹெச்பெட் என்ற டைமருக்கோ, 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏசிபிஐ டைமருக்கோ மாற வேண்டியிருந்தது. அவற்றைப் படிப்பது டிஎஸ்சியைப் படிப்பதை விடப் பல மடங்கு மெதுவு. 2008-இல் வந்த நெஹலம் முதல் இன்டெல் சிப்களில் அந்தக் கவலை இல்லை. ஆனாலும் பழைய லேப்டாப் வாங்கினால் கர்னல் இப்போது எந்தக் கடிகாரத்தைப் பயன்படுத்துகிறது என்று ஒருமுறை பாருங்கள். டிஎஸ்சி என்று இருந்தால் சரி. ஹெச்பெட் என்று இருந்தால் பூட் செய்திகளில் டிஎஸ்சி நிலையற்றது என்று ஏதாவது எழுதியிருக்கும். பயோஸ் அப்டேட் செய்து பார்க்காமல் டைமர், கவர்னர் எதிலும் கை வைக்க வேண்டாம்.

இப்போது இருக்கும் நிலை இது. கிள்ளையில் டெபியன் கர்னல் வந்தபடியே, டிக் 250, ஷெட்யூட்டில், டர்போ அணைப்பு, திருத்திய சீரியல் புரோகிராம். முத்தியால்பேட்டையில் அதே கர்னல், அதே 250, பூட் வரியில் அந்த இரண்டு சொற்கள், கூடவே ஒரு சின்ன ஸ்கிரிப்ட். பதிவு மென்பொருளைத் திறந்தால் பெர்ஃபார்மன்ஸும் 50 மைக்ரோ செகண்ட் பிடியும் வரும், மூடினால் இரண்டும் விலகும். கர்னலை நான் ஒருமுறை கூடக் கம்பைல் செய்யவில்லை. மச்சானுடைய லேப்டாப்பில் பேட்டரி பழையது என்பதால் ஐப்பசி மழைக்கு முன்னால் புது செல் போட்டுவிட்டு, ஒரு ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்து, விடியும்வரை பக்கத்தில் கட்டில் போட்டுப் பார்க்கப் போகிறோம்.